சகலைக்குக் கேட்ட குருவி

பொறாமை என்றால் அடுத்தவன் மாடி வீட்டைப் பார்த்தோ காரைப் பார்த்தோ வருவது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். பாம்புக்காதருக்கு அது ஒரு சனிக்கிழமைக் காலையில், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைப் பார்த்து வந்தது. பச்சை நிறம், முழங்கால் வரைக்கும் ஏறிய பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர். இத்தனை வருஷமாக அறுந்த செருப்போடு அந்தச் சேற்றில் இறங்கிய எவருக்கும் தோன்றாத யோசனை, வந்த முதல் நாளே இந்த மனுஷனுக்குத் தோன்றியிருந்தது. எல்லோரும் சுற்றி நின்று பூட்ஸை எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பாம்புக்காதர் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

பாம்புக்காதர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் ஏறி நின்று கதவைச் சாத்தினால், அது இரண்டு மாடி ஏறுவதற்குள் எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பிவடம் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காக வேலையிடத்தில் வைத்த பட்டம் அவருக்கு முன்னாலேயே ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மனைவிகூட ஆத்திரம் வந்தால் மட்டும்தான் நிஜப் பெயரைச் சொல்வாள்.

ஏரிக் குழு என்பது சனிக்கிழமைதோறும் கூடுகிற கூட்டம். ஊர் ஓரத்து ஏரியைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. சேருவதற்குக் கட்டணமும் இல்லை, பரீட்சையும் இல்லை. வந்து நின்றால் போதும், டாக்டரம்மா ஏற இறங்கப் பார்த்து ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிடுவார். டாக்டரம்மா மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கிறவர். மனிதர்களையும் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காத குறையாகத்தான் எடைபோடுவார். உடம்பில் தெம்பு இருப்பவர்களுக்கு ஆகாயத்தாமரை. தண்ணீரை மூடிப் படரும் அந்தக் களையைக் கொக்கி போட்டு இழுத்துக் கரையில் குவிக்க வேண்டும். இடுப்புவலிக்காரர்களுக்கு நாற்றங்காலில் செடிப்பை நிரப்பும் வேலை. கை பரபரக்கிறவர்களுக்குக் கரையோரத்துக் குப்பை. வாயாடிகளுக்கு, பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு. எதற்கும் உதவாதவர் என்று ஒருவர் வந்து சேர்ந்தால் அவருக்குத் தேநீர் அடுப்பு. அவரைத்தான் கடைசியில் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு வேலை இருந்தது. குருவி கேட்பது. நாணலுக்குள் இருக்கும் குருவிகளைக் கண்ணால் எண்ணுவது நடக்காத காரியம், குரலை வைத்துத்தான் கணக்கு. கரையில் அங்கங்கே நட்டு வைத்த குறிக்கற்களில் ஒவ்வொன்றாகப் போய் நிற்க வேண்டும். பேசக் கூடாது, இருமக் கூடாது. குரல் கேட்டால் ஒரு விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தக் குருவி என்பதைக் குழுவின் கொட்டகைக்குத் திரும்பிய பிறகுதான் வாய்திறந்து சொல்ல வேண்டும், ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டதாக நினைத்துக்கொண்டுவிடக் கூடாதல்லவா. தன் காதில் விழாததற்கு விரல் தூக்கக் கூடாது. சட்டத்தைப் போட்டவர் பாம்புக்காதர். அதைக் காட்டி இருமியவர்கள், சட்டை சரசரத்தவர்கள், மூக்குறிஞ்சியவர்கள் என்று துணைக்கு வந்த அத்தனை பேரையும் துரத்தியடித்தவரும் அவரே. ஆகவே மேற்குக் கரைக் குறிக்கல்லில் சில வருஷங்களாக அவர் ஒருவர்தான் நின்று கேட்டு வந்தார். பிள்ளைகள் வந்தால் டாக்டரம்மா அவரைக் கைகாட்டி, இவர்தான் எங்கள் ஏரியின் காது என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மழை என்றும் பாராமல் வந்தார்.

அந்த இடத்துக்குத்தான் சகலை வந்து சேர்ந்தார்.

சகலை பல்செட் செய்கிறவர். வேறு ஊரில் தொழில் செய்துவிட்டு, அண்மையில்தான் இந்த ஊருக்குக் குடிவந்திருந்தார். புது இடத்தில் மாப்பிள்ளைக்குப் பேச்சுத்துணை இல்லை, உங்களோடு ஏரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள் என்று மனைவி பிடுங்கி எடுத்துவிட்டாள். பாம்புக்காதருக்கு அந்த வீட்டில் மூத்த மருமகன் என்ற மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் மரியாதை வேறு, பிரியம் வேறு. மாமியார் இவருக்கு நாற்காலி போடுவார், சகலையிடம் போய் உட்கார்ந்து பேசுவார். கல்யாண வீட்டில் இவரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர் தோளில் கை போட்டுக்கொள்வார்கள். தலைமுடி விஷயத்தை எடுத்தால் இன்னும் வயிறெரியும்; இவருக்கு முன்னந்தலை பளபளத்துப் பல காலம் ஆகிறது, அவருக்கு ஒரு முடி உதிரவில்லை. போகட்டும், சேற்றில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்தால் தானாக ஓடிப்போவார் என்று கணக்குப் போட்டுத்தான் பாம்புக்காதர் சரி என்று சொன்னார்.

கணக்கு தப்பிப்போனது. ஆகாயத்தாமரையை இழுக்கவிட்டால், கொக்கியின் வளைவைக் கொஞ்சம் மாற்றிக் கட்டி மற்றவர்களைவிட இரண்டு மடங்கு இழுத்தார். நாற்றங்காலில் விட்டால், மெழுகில் பல் செதுக்கிப் பழகிய விரல்களால் ஒரு வேர்கூட அறாமல் நாற்றைப் பிரித்தார். பள்ளிப் பிள்ளைகள் வந்த அன்று பையிலிருந்து ஒரு பல்செட்டை எடுத்துக் கடகடவென்று ஆட்டி, பல் துலக்காத முதலையின் கதையைச் சொன்னார். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். ஏரியின் காது என்று ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருந்ததை டாக்டரம்மாவே மறந்துபோனார். பாம்புக்காதர் அன்று தேநீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

மேற்குக் கரை நாணலுக்கு அந்த வருஷம் கண்டம் பிடித்திருந்தது. அதை வெட்டிவிட்டு வண்டிகள் நிறுத்த இடம் கட்டப் போவதாக நகராட்சி அறிவித்திருந்தது. டாக்டரம்மா நடையாய் நடந்து ஒரே ஒரு வாக்குறுதி வாங்கியிருந்தார். ஊசிக்குருவி என்று குழு பேர் வைத்திருந்த ஒரு பொடிக்குருவி முன்பு அந்த நாணலில்தான் கூடு கட்டும், சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கட்டாது. அது இன்னும் அங்கே இருந்தால் நாணலைத் தொடமாட்டோம் என்பதுதான் அந்த வாக்குறுதி. பார்வைக்கு அது மற்றப் பொடிக்குருவிகளைப் போலத்தான், குரல்தான் அடையாளம். அந்தக் குரல் அத்தனை மெல்லிசு, அத்தனை உச்சம். ஆனால் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பாம்புக்காதர் அந்தக் கல்லில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, ஊசிக்குருவி போய்விட்டது என்று கையை விரித்திருந்தார். அவருக்கே அதில் துக்கம்தான். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த நிலைமையில் டாக்டரம்மா ஒரு சனிக்கிழமை, நீங்களும் போய்க் கேளுங்களேன் என்று சகலையையும் அவரோடு அனுப்பிவைத்தார். புதியவர்களுக்குக் குருவிக் குரல்களைப் பதிவுசெய்து கைபேசியில் கொடுப்பது குழுவில் வழக்கம். சகலை அதைப் பல் செதுக்கிக்கொண்டே பட்டறையில் நாள் முழுக்கக் கேட்டிருந்தாராம். மேற்குக் கல்லில் இருவரும் நின்றார்கள். சகலையின் விரல் ஒன்றிரண்டு முறை மேலே போனது. அறிந்தவர் போல என்ன தூக்கல் வேண்டிக்கிடக்கிறது என்று பாம்புக்காதர் மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

கொட்டகைக்கு வந்ததும் சகலை சொன்னார். "ஊசிக்குருவி கேட்டுச்சு டாக்டரம்மா. ரெண்டு தடவை."

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பாம்புக்காதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தார். புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாக் குருவியும் கேட்கும், கைபேசியிலேயே கேட்டுக் கேட்டு மண்டைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருக்கும், நானும் பக்கத்தில்தானே நின்றேன் என்றார். நகராட்சிக்காரர்கள் முன்னால் இப்படி ஆசையில் உளறினால் குழுவின் மானம் கப்பலேறும் என்றும் சேர்த்துக்கொண்டார். சகலையின் முகம் சுருங்கியது. ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாம்புக்காதரிடம் தலையாட்டிவிட்டு, தேநீர்க் குவளைகளைக் கழுவப் போய்விட்டார். பாம்புக்காதருக்கு அன்று உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

வீட்டில் அந்தக் குளிர்ச்சி நீடிக்கவில்லை. சூடு பண்ணுவதற்காக மைக்ரோவேவ் அடுப்பில் வைத்த காப்பி மறுபடியும் உள்ளேயே ஆறிப்போயிருந்தது. வேலை முடிந்தால் பீப் என்று கத்த வேண்டிய சனியன் கத்துவதே இல்லை என்று ஏற்கெனவே அதைக் கழற்றி, ஒலிக்கிற வில்லையை மாற்றி, மீண்டும் பூட்டியிருந்தார். இப்போது புதிய வில்லையும் போய்விட்டதா என்று திருப்புளியை எடுத்தார். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது கத்திக்கிட்டுத்தாங்க இருக்கு," என்றாள். "எப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருந்துது."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கொஞ்ச காலமாகவே எதையும் வாய்க்குள்ளேயே பேசுகிறாள், குறை சொல்ல மட்டும் குரல் வருகிறது என்பது அவருடைய முடிவு.

சகலையை அதோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. டாக்டரம்மா அன்று நாற்காலியிலிருந்து எழுந்தாரே, அந்த எழுச்சி அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இவர் எத்தனையோ குருவிகளைக் கேட்டுச் சொல்லியிருக்கிறார், ஒரு நாளும் அந்த அம்மா எழுந்து நின்றதில்லை. சகலை புளுகுகிறார் என்பதைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் தூக்கம் வராது போலிருந்தது. வார நடுவில் ஒரு காலையில், நாம் இரண்டு பேர் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வருவோமா என்று தேனாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போனார். சகலைக்கு ஒரே சந்தோஷம். வழியெல்லாம் குருவிகளைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மேற்குக் கல்லில் சகலை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூடினால் நன்றாகக் கேட்கிறதாம். பாம்புக்காதர் கண்ணை மூடவில்லை. அவருடைய நோக்கம் குருவியைக் கேட்பது இல்லை, ஆளை வேவு பார்ப்பது. நாணல் அசையவில்லை. காக்கை ஒன்று கத்தியது, கேட்டது. தூரத்தில் பேருந்து போனது, அதுவும் கேட்டது. சகலையின் விரல் எழுந்தது. வா மகனே வா, மாட்டிக்கொண்டாய் என்று பாம்புக்காதர் நாணல் பக்கம் திரும்பினார்.

கைக்கெட்டும் தூரத்தில், ஒரு நாணல் கதிரின் நுனியில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. தொண்டை படபடவென்று துடித்தது. வால்கூட அந்தத் துடிப்பில் நடுங்கியது. சத்தம் மட்டும் இல்லை.

குருவி வாயை மூடியது. சகலையின் விரல் இறங்கியது. குருவி வாயைத் திறந்தது. கண்ணை இறுக மூடியிருந்த சகலையின் விரல் எழுந்தது. பாம்புக்காதர் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்தால் எழுந்தது, மூடினால் இறங்கியது. காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தார். மூச்சைப் பிடித்துப் பார்த்தார். எதிரே ஓர் உயிர் உடம்பெல்லாம் அதிர நின்று பாடுகிறது, அவருக்கு அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற காரியமாக இருந்தது. மைக்ரோவேவ் அடுப்பு நினைவுக்கு வந்தது. கழற்றி எறிந்த பழைய வில்லை நினைவுக்கு வந்தது. லிஃப்ட் அறைகளில், ஓடுகிற மோட்டார்களுக்கு நடுவே காதைத் திறந்துபோட்டுக்கொண்டு கழித்த காலமெல்லாம் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷமாக இந்தக் குருவி இங்கேயே உட்கார்ந்து அவர் முகத்துக்கு எதிரே கத்தியிருக்கிறது. அது இல்லை என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

மனிதர் அழுதிருந்தால் நாமும் கொஞ்சம் இரக்கப்பட்டிருக்கலாம். அவருக்கு வந்தது அழுகை இல்லை, பொறாமை. முன்பு வந்ததெல்லாம் வெறும் புகைச்சல் என்று சொல்லும்படியான பொறாமை. தலைமுடியை வைத்துக்கொள், மாமியாரை வைத்துக்கொள், பூட்ஸையும் வைத்துக்கொள், இதையுமா நீ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் நின்றவரைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளிவிடலாம் போலிருந்தது. சகலை கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் ஒரே பிரகாசம்.

"கேட்டீங்களா சகலை?"

ஒரு நொடிதான். "கேட்டேன்," என்றார் பாம்புக்காதர்.

அன்று மாலையே அவர் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்குப் போனார். ஊசிக்குருவி மேற்குக் கரையில் இருக்கிறது, நான் என் காதால் கேட்டேன் என்று சொன்னார். சகலை முதலில் கேட்டதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கொட்டகையே அமர்க்களப்பட்டது. டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒப்புக்காவது அந்தச் சகலை முணுமுணுத்திருந்தால் இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ கூட்டத்தின் நடுவில் நின்று, நான் சொன்னதுக்கு என்ன மதிப்பு இருக்கிறது, அவர் உறுதிப்படுத்தினாரே அதுதான் பெரிசு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நல்லவனாக இருப்பதிலும் இந்த ஆள் தன்னை முந்திவிட்டான் என்பது பாம்புக்காதருக்குப் பொறுக்கவில்லை.

பொய்க்கு உடனே வேலை வந்தது. சொன்னால் போதாது, நேரில் வந்து கேட்ட பிறகுதான் முடிவு என்றது நகராட்சி. அதற்காக ஒரு பொறியாளரை அனுப்புவதாகத் தகவல் வந்தது. பாம்புக்காதர் அசரவில்லை. குருவியின் வாயைப் பார்த்து விரல் தூக்கினால் ஆயிற்று, கண் நன்றாகத்தானே இருக்கிறது.

பொறியாளர் சின்ன வயசுக்காரர், வெயில் ஏறுவதற்கு முன் காரில் வந்து இறங்கினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குழுவின் சட்டத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், கைபேசியை அணைத்து வைத்தார், குருவியின் பதிவுசெய்த குரலையும் ஒருமுறை கேட்டுவைத்துக்கொண்டார். அவர், டாக்டரம்மா, சகலை, குழுவில் இன்னும் சிலர் எல்லோரும் மேற்குக் கல்லைச் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் பாம்புக்காதர்.

குருவி வந்தது. அதே மாதிரி ஒரு கதிர் நுனியில் உட்கார்ந்தது. ஏரிக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று பாம்புக்காதர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இமைக்காமல் பார்த்தார். குருவி இறகைக் கோதியது. தலையைச் சாய்த்தது. பிறகு வாயை அகலத் திறந்தது.

பாம்புக்காதரின் விரல் கம்பீரமாக எழுந்தது.

வேறு ஒரு விரலும் எழவில்லை. குருவி திறந்த வாயை மெதுவாக மூடி, அலகைக் கதிரில் துடைத்துக்கொண்டது. அது பாடவே இல்லை. கொட்டாவியோ, தொண்டையில் சிக்கிய பூச்சியோ, என்ன எழவோ. டாக்டரம்மா குழப்பத்தோடு பாம்புக்காதரைப் பார்த்தார். அவருடைய விரலோ அந்தரத்திலேயே நின்றது, இறக்கவும் தெரியவில்லை. சகலை குருவியைப் பார்த்தார், அந்த விரலைப் பார்த்தார், பிறகு பாம்புக்காதரின் முகத்தைப் பார்த்தார். பல்செட் செய்கிறவருக்கு வாய் திறப்பதைப் பற்றித் தெரியாதா? அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கையோடு தன் விரலையும் தூக்கினார்.

குருவி நாணலுக்குள் இறங்கி மறைந்தது. பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா?"

சகலைகள் என்று யாரோ சொன்னார்கள். பொறியாளர் தலையை ஆட்டினார். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் கேட்காததைக் கேட்டதாக விரல் தூக்குகிற இரண்டு பேரை நம்பி நான் எதையும் எழுத முடியாது, குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது உண்மை, அது எந்தக் குருவி என்பதற்குச் சாட்சி இல்லை என்று தணிந்த குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கார் பக்கம் நடந்தார். டாக்டரம்மா, வேலையில் எத்தனையோ உயிர் போவதைப் பார்த்தவர், இதற்குக் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சகலை தலையைக் குனிந்து நின்றார். பிறந்ததிலிருந்து யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். குழுக்காரர்கள் இப்போது அவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

எத்தனை நாள் ஏங்கிய காட்சி அது. சகலையின் மூக்கு ஊர் முன்னால் உடைபட்டு நிற்கிறது. பாம்புக்காதர் அதைப் பார்த்தார். கொஞ்சம்கூட இனிக்கவில்லை.

"சார், நில்லுங்க," என்றார். பொறியாளர் திரும்பினார். "அவர் பொய்யர் இல்லை. பொய் சொன்னது நான்."

ஆரம்பித்தாகிவிட்டது.

"எனக்குக் காது போயிடுச்சு. நீங்க பேசறது கேக்குது, காக்கா கத்தறது கேக்குது. இந்தக் குருவி கேக்கலை. ரெண்டு வருஷமா அது இங்க இல்லைன்னு நான்தான் சொன்னேன். அது இருந்துது, எனக்குத்தான் இல்லை. இவர் வந்த உடனே கேட்டுச் சொன்னார். எனக்கு வயித்தெரிச்சல், உளர்றாருன்னு சொல்லி அவர் வாயை அடைச்சேன். இப்போ நான் அது வாயைப் பாத்துத்தான் விரல் தூக்கினேன். என் மானம் போகக் கூடாதுன்னு அவரும் தூக்கினார். இந்த ஏரிக்குக் காதுன்னா அவர் காதுதான் சார். அதை நம்பி இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் அவரை உலுக்கி எடுத்தன. மற்றதெல்லாம் குற்றத்தை ஒப்புக்கொள்வது, யாரும் செய்துவிடலாம். தன் பட்டத்தைக் கழற்றி, அதுவும் இந்த ஆளுக்கு, தன் கையாலேயே சூட்டுவது வேறு. டாக்டரம்மா முகத்தை அவர் பார்க்கவில்லை. சகலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசக் கூடாது என்று பாம்புக்காதர் கையால் அடக்கினார். பொறியாளர் காரையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றார்.

எல்லோரும் நின்றார்கள். குருவி கண்ணில் படவே இல்லை, நாணலுக்குள் எங்கேயோ இருந்தது. வெயில் ஏறியது. பாம்புக்காதருக்குப் பார்ப்பதற்கு இப்போது முகங்கள் மட்டும்தான் இருந்தன.

முதலில் சகலையின் விரல் எழுந்தது. அடுத்து டாக்டரம்மாவின் விரல். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பொறியாளர் கழுத்தைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, பிறகு முகம் மலர்ந்து, தூக்கச் சொல்லி யாரும் கேட்காமலேயே தன் விரலைத் தூக்கினார். காருக்குப் பக்கத்தில் சும்மா நின்றிருந்த ஓட்டுநர்கூட நாணல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நாணல் பிழைத்துவிட்டது என்பது பாம்புக்காதருக்கு அந்தப் பொறியாளரின் முகத்திலேயே தெரிந்துபோயிற்று. சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பொறாமை போயிற்றா என்று கேட்டால், போகவில்லை. முன்பு சகலை ஒருவர் மேல் இருந்தது, இப்போது அங்கே நின்ற அத்தனை பேர் மேலும் வந்தது. வண்டி நிறுத்த இடம் பார்க்க வந்தவனுக்குக் கேட்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவனுக்குக் கேட்கிறது. புகழ் வேண்டாம், பட்டம் வேண்டாம், அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை காதில் விழுந்தால் போதும் என்று ஏங்கினார்.

பொறியாளர் விடைபெற்றுப் போனார். டாக்டரம்மா அவரை வழியனுப்பப் போக, மற்றவர்கள் ஆரவாரத்தோடு கொட்டகைக்கு நடந்தார்கள். சகலை போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். பாம்புக்காதர் நாணலைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னும் கத்துதா?"

"கத்துது சகலை."

"நிறுத்துச்சுன்னா சொல்லுங்க," என்றார் பாம்புக்காதர். "அப்புறம் போலாம்."

சகலை வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.